கடைசிக் கண்ணியில் இருந்த பெயர்

தனபாலனுக்கு ஆக்லாந்தில் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்றுக்குச் சம்பளம் உண்டு. எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதிக் கம்பெனியின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து, கார் மோதியது, கூரை ஒழுகியது, அடுப்பிலிருந்து திரைச்சீலை பற்றிக்கொண்டது என்று ஆட்கள் இழப்பீடு கேட்டு எழுதி அனுப்பும் கிளெய்ம்களைப் படிக்க வேண்டும். எது நடந்திருக்கும், எது நடந்திருக்காது என்று முடிவு சொல்ல வேண்டும். பினாங்கில் இருபத்திரண்டு வருடம் செய்த அதே வேலைதான். படிப்புக்கும் அனுபவத்துக்கும் புள்ளி போடுகிற கணக்கில் விசா கிடைத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில் குடும்பத்தோடு வந்தபோது அந்த வேலையும் கூடவே வந்துவிட்டது.

மற்ற வேலை சனி, ஞாயிறுகளில், பக்குரங்காவில் இருந்த வீட்டின் கராஜில் நடந்தது. காரை வெளியே மழையில் விட்டுவிட்டு, உள்ளே ஒரு பழைய சாப்பாட்டு மேசையைப் போட்டு, அவர் தம் கொள்ளுத் தாத்தா பொன்னுச்சாமியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார்.

பொன்னுச்சாமி நாகப்பட்டினத்துக்காரர். நாலெழுத்து படித்தவர். ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில் கப்பலேறி, பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த கரும்புத் தோட்டம் ஒன்றில் கிராணியாகச் சேர்ந்தார். ஆட்களின் பெயரை எழுதுவதும் அவர்கள் வேலைக்கு வந்ததைக் குறிப்பதும் அவர் தொழில். எண்பத்து நான்கில் பினாங்கில் ஓர் அச்சகத்தில் 'கடல்வழிச் சிந்து' என்று எட்டுப் பக்கத்தில் ஒரு பாட்டுப் புத்தகம் போட்டார். மட்டமான தாள், மேலட்டையில் ஒரு கப்பல் படம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவதிலிருந்து பினாங்குத் துறையில் இறங்குவது வரைக்கும், இரண்டிரண்டு வரியாக முப்பத்தாறு கண்ணிகள். அது பறந்தது. துறைமுகத்திலும் சந்தையிலும் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்திலும் ஆட்கள் அதைப் பாடினார்கள். மூன்று முறை அச்சுப் போட்டார்கள்.

> கட்டின மூட்டையும் காய்ந்த கருவாடும் – தங்கமே
> பட்டினம் தாண்டிப் பறக்குது கப்பலே

> அம்மா முகமும் அலையில் கரையுதே – தங்கமே
> சும்மா இருந்தாலும் சுத்துது தலையுமே

தாயை விட்டுப் பிரிகிற துக்கத்தையும் கடல் பயணத்துக் குமட்டலையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற அந்த இரண்டாவது கண்ணியைத் தனபாலன் ஆயிரம் தடவை படித்திருப்பார். ஒவ்வொரு தடவையும் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வரும்.

அதன்பிறகு பொன்னுச்சாமி இன்னும் ஐந்து புத்தகம் போட்டார். புதுப் பாலம் திறந்ததைப் பற்றி ஒன்று, கடைத்தெருவில் தீப்பிடித்ததைப் பற்றி ஒன்று, கள் குடியைக் கண்டித்து ஒன்று. ஒன்றும் ஓடவில்லை. படித்துப் பார்த்தால் காரணம் தெரியும். இலக்கணம் சுத்தமாக இருந்தது, உயிர் இல்லை. முதல் புத்தகத்தில் பாடியவருக்கு அப்புறம் என்ன வந்தது என்று தனபாலனுக்குப் புரியவே இல்லை. 'தோட்ட வேலையின் சுமை கவிஞரின் குரலை நெரித்துவிட்டது' என்று தன் கையெழுத்துப் பிரதியில் எழுதி வைத்திருந்தார்.

இன்னொரு சின்ன உறுத்தலும் இருந்தது. முப்பத்தைந்து கண்ணிகளில் எதுகை கச்சிதமாக விழுந்திருக்கும். கட்டின – பட்டினம், அம்மா – சும்மா என்று. கடைசிக் கண்ணியில் மட்டும் தடுக்கும்.

> பொன்னுச் சாமிசொல் கடல்வழிச் சிந்திதை – தங்கமே
> மக்கள் படித்து மறவாது வாழ்கவே

பொன்னுவுக்கும் மக்களுக்கும் என்ன பொருத்தம்? முடிக்கிற அவசரம் என்று நினைத்துக்கொண்டார்.

அவருடைய அண்ணன் கிருஷ்ணா பினாங்கிலேயே இருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வீட்டு முன்னறையில் 'சிந்துக்கவி பொன்னுச்சாமி இல்லம்' என்று பித்தளைத் தகடு பதித்து வைத்திருப்பவர். தம்பி எழுதி முடித்ததும் அங்கே ஒரு மண்டபத்தில் பெரிதாக வெளியீட்டு விழா வைப்பது என்று ஏற்பாடு. அழைப்பிதழுக்கு மாதிரிகூட வரைந்து அனுப்பியிருந்தார்.

தொண்ணூற்றைந்தாம் வருடக் குளிர்காலத்தில், சமூக வானொலியின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் நிகழ்ச்சிக்குத் தனபாலனைக் கூப்பிட்டார்கள். நிகழ்ச்சியை நடத்தியவர் சதாசிவம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர். வாரநாட்களில் பஸ் ஓட்டுவார், ஞாயிறு மத்தியானம் மைக்குக்கு முன்னால் உட்காருவார்.

"உங்கட கொள்ளுத் தாத்தாவைப் பற்றி ஆறுதலாக் கதையுங்கோ. பிறகு பாட்டையும் ஒருக்காப் பாடிக் காட்டுங்கோ, என்ன?" என்றார் சதாசிவம்.

"எனக்குப் பாட வராதுங்களே."

"எங்களுக்குக் கேக்க வருந்தானே. பாடுங்கோ."

தனபாலன் பாடினார். அப்பா பாடிக் கேட்ட மெட்டில், முதல் ஆறு கண்ணிகளும் கடைசிக் கண்ணியும். முடிந்து அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது நிலையத்துத் தொலைபேசி அடித்தது. சதாசிவம் எடுத்தார், கொஞ்சம் கேட்டார், பிறகு ஒரு மாதிரிச் சிரிப்போடு தனபாலனிடம் நீட்டினார்.

மறுமுனையில் ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். பெயர் ரோஷ்னி, மாங்கரேயில் இருக்கிறேன், நாங்கள் ஃபிஜிக்காரர்கள், எனக்குத் தமிழ் தெரியாது என்றாள். அம்மா வானொலியில் தமிழ்ப் பாட்டு வரும் என்று ஞாயிறுதோறும் போட்டு வைப்பாளாம்.

"நீங்கள் பாடியது அம்மாவுக்குத் தெரிந்த பாட்டாம். ஆனால் கடைசியைத் தப்பாகப் பாடிவிட்டீர்களாம். உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று நிற்கிறாள். மன்னிக்க வேண்டும்."

தனபாலனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டில் வந்து மனைவி திலகாவிடம் சொன்னபோதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "என் கொள்ளுத் தாத்தா பாட்டு, எனக்கே தப்பாம்!" ஆனால் உள்ளுக்குள் ஒரு பரவசம். பாட்டு ஃபிஜி வரை போயிருக்கிறது! வரலாற்றில் ஒரு புது அத்தியாயமே சேர்க்கலாம். அடுத்த சனிக்கிழமை ஒரு சின்ன டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு, திலகாவையும் அழைத்துக்கொண்டு மாங்கரேக்குப் போனார்.

ரோஷ்னியின் அம்மா அங்கம்மாவுக்கு அறுபத்தொரு வயது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விமானச் சாப்பாடு தயாரிக்கிற பெரிய சமையற்கூடத்தில் தட்டு அடுக்குகிற வேலை. காலை ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சேலை உடுத்திக் காத்திருந்தாள். அவள் தமிழில் இந்தி கலந்திருந்தது. பேச முடிகிற தமிழ் கொஞ்சம், பாட முடிகிற தமிழ் நிறைய. ஃபிஜியில் சின்னப் பெண்ணாகக் கரும்புக் கொல்லையில் களை பிடுங்கப் போனபோது, கூட வேலை செய்த பெண்கள் பாடிக் கேட்டுப் பிடித்த பாட்டுகள். மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிக்குக் கப்பலில் கூட்டி வரப்பட்டவர்கள் அவர்கள். பினாங்கிலிருந்து ஊர் திரும்பியவர்களின் வாயில் பாட்டு அங்கே போய், இவர்களோடு ஃபிஜிக்கு வந்திருக்க வேண்டும்.

"குந்து தம்பி. சாய் குடி. அப்புறம் பாடுறேன்" என்றாள்.

பாடத் தொடங்கியதும் அறையே மாறிவிட்டது. தனபாலன் வீட்டு மெட்டு நின்று நிதானித்து நடக்கும். அங்கம்மாவின் மெட்டு துடுப்புப் போடுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆடியது. 'தங்கமே' என்ற இடத்தில் கையால் தொடையில் ஒரு தட்டு. அவர் அறிந்த கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, கொஞ்சம் உருமாறி, கொஞ்சம் தேய்ந்து. கடைசிக்கு வந்தாள்.

> சொக்கன் படிச்ச கடல்வழிச் சிந்திதை – தங்கமே
> மக்கள் படிச்சு மறவாம வாழணும்

சொக்கன், மக்கள். எதுகை, பூட்டுக்குள் சாவி திரும்பினாற்போல் விழுந்தது. 

தனபாலன் சமாளிக்கப் பார்த்தார். "சொக்கன்னா மதுரைச் சாமி, அக்கா. யாரோ பக்தியில சாமி பேரைப் போட்டிருக்காங்க. அசல் புத்தகத்துல பொன்னுச்சாமின்னு இருக்கு. அவரு எங்க கொள்ளுத் தாத்தா."

அங்கம்மா தலையை ஆட்டினாள், ஒப்புக்கொண்டதாக அல்ல. "அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கே, தம்பி. நீ அதையும் விட்டுட்டே" என்று சொல்லிவிட்டு மறுபடி பாடினாள்.

> ஏட்டில எழுத எனக்குத் தெரியாதே – தங்கமே
> கேட்டவர் எழுதட்டும் கீழே என் பேருடன்

ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் இந்தக் கண்ணி இல்லை. முப்பத்தாறும் அவருக்கு மனப்பாடம்.

"இதுக்கு அர்த்தம் என்னான்னு தெரியுமா அக்கா?" என்று திலகாதான் கேட்டாள்.

"நஹி. ஏட்டுன்னா ஏதோ ஊருன்னு நினைச்சேன்."

திலகா விளக்கினாள். எனக்கு எழுதத் தெரியாது, இதைக் கேட்கிறவர் யாராவது எழுதுங்கள், அடியில் என் பெயரைப் போடுங்கள் என்று பாடினவன் கேட்டுக்கொள்கிறான் என்றாள். அங்கம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "அவனுக்கும் எழுதத் தெரியாதா?" என்றாள். "எனக்கும் தெரியாது. அம்பது வருஷமாப் பாடுறேன், இப்படிக் கேட்டுருக்கான்னு தெரியாமப் போச்சே."

வீடு திரும்பும்போது காரில், பக்குரங்கா பாலம் தாண்டியதும் தனபாலன் தானாகவே வாதாடத் தொடங்கினார். ஃபிஜியில் யாரோ கட்டிச் சேர்த்திருக்கலாம். பாட்டு வாய்க்கு வாய் மாறும். சொக்கன் என்பது சாமிதான்.

"எழுதத் தெரியாத சாமியா, என்னங்க?" என்றாள் திலகா.



அடுத்த மூன்று மாதம் அவர் கராஜுக்குள் போனால் எழுதுவதில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். ஆபீஸில் நாளெல்லாம் மற்றவர்களின் கதையைச் சலித்துப் பார்க்கிறவருக்குத் தன் வீட்டுக் கதையைச் சலிக்கக் கை வரவில்லை. ஆனால் பழகிய மூளை சும்மா இருக்குமா? பொய்யை ஒட்டுகிறவனுக்கு அதில் ஏதாவது ஆதாயம் இருக்கும். இருபத்தைந்து வருடத்தில் அவர் கண்ட பாடம் அது. கரும்புக் கொல்லையில் களை பிடுங்கிய பெண்களுக்குச் சொக்கன் என்று ஒரு பெயரைப் புகுத்தி என்ன கிடைத்திருக்கும்? ஒன்றும் இல்லை. பொன்னுச்சாமி என்ற பெயரைப் போட்டதால் யாருக்கு என்ன கிடைத்தது? அதற்குப் பதில் பினாங்கில் பித்தளைத் தகட்டில் இருந்தது.

மனக்கண்ணில் அந்தக் காட்சி வேண்டாம் என்றாலும் வந்தது. லயத்து வாசலில் ஓர் ஆள் பாடுகிறான். சுற்றிலும் ஆட்கள். கையில் பேரேடும் மைக்கூடுமாக வந்த கிராணி நின்று கேட்கிறார். மறுபடி பாடச் சொல்லி எழுதிக்கொள்கிறார். கடைசிக்கு முந்தின கண்ணியை எழுதும்போது அவர் கை நின்றதா, நிற்கவில்லையா? தனபாலன் எவ்வளவு எண்ணிப் பார்த்தும் அது தெரியவில்லை.

ஒரு நாள் பொன்னுச்சாமியின் கடைசிப் புத்தகத்தின் நகலை எடுத்தார். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதில் அச்சானது, கள் குடியைக் கண்டிப்பது. முன்னுரையில் ஒரு வரி உண்டு. 'கடல்வழிச் சிந்தை நான் பாடினேன் என்பார் உலகோர். நான் எழுதினேன் என்பதே மெய்.' இதற்கு முன் அதைப் படித்தபோதெல்லாம், தமக்குக் குரல்வளம் இல்லை என்று தாத்தா தன்னடக்கமாகச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டார். இப்போது அந்த இரண்டு வாக்கியங்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். மனிதர் பதினைந்து வருடம் கழித்து, யாரும் கவனிக்காத ஒரு புத்தகத்தில், யாருக்கும் புரியாதபடி ஒப்புக்கொண்டிருக்கிறார். கோபம் வரவேண்டிய இடத்தில் தனபாலனுக்கு இரக்கம்தான் வந்தது. ஒரு வரியைச் சொல்லப் பதினைந்து வருடம்!

அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னார். டேப்பையும் ஒரு பிரதி எடுத்து முன்னமே அனுப்பியிருந்தார்.

"டேய் தம்பி, உனக்கு என்ன ஆச்சு? யாரோ தட்டு அடுக்குற பொம்பளை பாடுனாளாம், நம்ம தாத்தா திருடனாம்!"

"திருடன்னு நான் சொல்லலைண்ணே. பாடுனது சொக்கன், எழுதுனது தாத்தா. அதைத்தான் தாத்தாவே எழுதியிருக்காரு."

"சொக்கன் யாரு? அப்பன் பேரு என்ன? ஊரு என்ன? எந்தத் தோட்டம்? உன்கிட்ட ஒரு தாள் இருக்கா?"

"இல்லைண்ணே. அவனுக்குத் தாள் கிடையாது. அதான் விஷயமே."

"அப்பா இருந்திருந்தா உன் முகத்துல முழிச்சிருக்க மாட்டாரு" என்று சொல்லி கிருஷ்ணா தொலைபேசியை வைத்துவிட்டார். மண்டபம், அழைப்பிதழ் எல்லாம் அத்தோடு நின்றது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. திலகா மட்டும் நடுவில் இரண்டு தடவை அண்ணிக்குக் கடிதம் போட்டாள்.

அந்தக் காலத்தில் தனபாலன் புத்தகத்தை முதலிலிருந்து எழுதினார். நானூறு பக்கமாக இருந்தது தொண்ணூறு பக்கமானது. 'கவிஞரின் குரலை நெரித்துவிட்டது' என்ற வாக்கியத்தை அடித்தார். பொன்னுச்சாமிக்குச் சேர வேண்டியதை அவர் குறைக்கவில்லை. அந்த மனிதர் தாளும் மையும் எடுக்காவிட்டால் முப்பத்தைந்து கண்ணிகளும் காற்றோடு போயிருக்கும் என்று எழுதினார். அதே மூச்சில், பெயரை மட்டும் கேட்ட ஒருவனுக்கு அதையும் கொடுக்கவில்லை என்றும் எழுதினார். சொக்கனைப் பற்றிய அத்தியாயம் அரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை. பெயர் சொக்கன். கப்பலில் வந்தவன். தாய் இருந்தாள். கடல் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதத் தெரியாது, எதுகை தெரியும். இவ்வளவுதான் கிடைத்தது. மிச்ச இடத்தை வெறுமையாக விடச் சொல்லி அச்சடிப்பவரிடம் கேட்டுக்கொண்டார். அவர் நாலு முறை போன் பண்ணி, ஏதோ விட்டுப்போச்சா என்று விசாரித்தார்.

தொண்ணூற்றேழு மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒரு சமூகக் கூடத்தில் புத்தகம் வெளிவந்தது. 'சொக்கன் பாடி பொன்னுச்சாமி எழுதிய கடல்வழிச் சிந்து' என்று அட்டையில் போட்டிருந்தது. எழுபது பேர் வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், மலேசியாக்காரர்கள், மாங்கரேயிலிருந்து ஒரு வேன் நிறைய ஃபிஜிக்காரர்கள். சதாசிவம் வரவேற்றுப் பேசினார். தனபாலன் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அங்கம்மாவைக் கூப்பிட்டார்.

அவளுக்கு மைக் பிடிக்கத் தெரியவில்லை. ரோஷ்னி பக்கத்தில் நின்று பிடித்தாள். 'சும்மா இருந்தாலும் சுத்துது தலையுமே' என்றதும் கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. படகிலும் லாரியிலும் விமானத்திலும் தலை சுற்ற ஊர் விட்டு வந்தவர்கள்தானே எல்லோரும். 'தங்கமே'க்கு முன்வரிசையிலிருந்து கைதட்டு சேர்ந்தது. பிறகு 'ஏட்டில எழுத' வந்தது. இதற்குமுன் அந்தக் கண்ணியை வேகமாகப் பாடித் தாண்டுகிறவள், அன்று நிறுத்தி நிறுத்திப் பாடினாள், ஒவ்வொரு சொல்லும் என்னவென்று தெரிந்தவளாக. யாரும் தட்டவில்லை.

தேநீர் குடிக்கும்போது ரோஷ்னி வந்து, பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதித் தர முடியுமா, பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றாள். தனபாலன் அங்கேயே ஒரு பேப்பர் தட்டை வைத்துக்கொண்டு அதன்மேல் தாளைப் போட்டு எழுதிக் கொடுத்தார். அடியில் சொக்கன் பெயரைப் போட்டார். "யார் இவர்?" என்று அவள் கேட்டாள். "தெரியாது. தெரிந்தால் சொல்கிறேன்" என்றார்.

பினாங்குக்கு இரண்டு பிரதி அனுப்பியதற்குக் கிருஷ்ணாவிடமிருந்து பதில் வரவில்லை. தகடும் கழற்றப்படவில்லை. ஆனால் அந்த வருடத் தீபாவளிக்கு அவரே போன் செய்தார். மழை, முழங்கால் வலி, யார் பிள்ளைக்குக் கல்யாணம் என்று பேசினார். அதன்பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்படித்தான். புத்தகத்தைச் சுற்றிச் சுற்றிப் போவார், தொடமாட்டார். தனபாலனும் இழுக்கவில்லை. தமக்கே மூன்று மாதம் ஆனதே என்று நினைத்துக்கொள்வார்.

தொண்ணூற்றொன்பது தீபாவளியன்று, எல்லாம் பேசி முடித்து வைக்கிற நேரத்தில் அண்ணன் கொஞ்சம் தயங்கினார்.

"தம்பி, அந்த அம்மா இன்னும் வேலைக்குப் போறாங்களா?"

"இல்லைண்ணே. போன வருஷம் நின்னுட்டாங்க."

"ம்." பினாங்குப் பக்கம் எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் கேட்டது. "அந்த டேப்பு இங்க நைஞ்சு போச்சு. ரொம்பப் போட்டுக் கேட்டதுல. இன்னொண்ணு எடுத்து அனுப்பு."

"சரிண்ணே" என்றார் தனபாலன்.